மஞ்சள்தொண்டைச் சின்னானைப் பார்த்த இருவர்

ஜனவரி, இரண்டாம் செவ்வாய். காலை 6.40. பெங்களூருக்குத் தெற்கே ஒரு பாறைக்குன்று, கிழக்குச் சரிவு. பார்வையாளர்கள்: இருவர். வெண்புருவச் சின்னான்: மூன்று. மஞ்சள்தொண்டைச் சின்னான்: ஒன்று, வசந்தா மட்டும் பார்த்தது. பட்டியலில் சேர்க்கவில்லை.

வசந்தா என் மனைவி. பறவைக் கணக்கெடுப்பில் இருபத்தாறு ஆண்டுகள் என் கூட்டாளி. அக்குன்றில் கிரானைட் குவாரிக்கு விண்ணப்பம் வந்திருந்தது. பறவைகள் பற்றிய அறிக்கை எங்கள் பொறுப்பு.

சின்னான் என்பது புல்புல் பறவை. இரண்டு சின்னான்களும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரே புதரில்கூட இருக்கும். வெண்புருவம் பரவலாக வாழ்வது; அழிந்துவரும் இனங்களுக்கான செம்பட்டியலில் அதைப் பற்றிக் கவலையில்லை. மஞ்சள்தொண்டையோ தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் வேறெங்கும் இல்லை. அழியும் அபாயத்தில் உள்ள இனம். பாறையை உடைத்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே அந்த ஒரு வரி குன்றின் கதியை மாற்றக்கூடியது.

அரிய இனம் என்றால் இருவரும் பார்த்திருக்க வேண்டும். இந்த விதியை வகுத்தவன் நான்.

"புருவமே இல்லைங்க. தலை முழுக்க மஞ்சள். நல்லாப் பார்த்தேன்," என்றாள்.

"நான் பார்க்கலையே."

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சாட்சி கேக்கலை," என்று சிரித்தாள்.

பிப்ரவரியில் அவள் காலமானாள். அறிக்கை கையெழுத்தாக ஒரு வாரம் இருந்தது.

நான்கு நாள் விடியலில் தனியாகச் சென்றேன். புதர் அசையும்போதெல்லாம் பைனாகுலரை உயர்த்தினேன். அதில் தெரிந்தது வெண்புருவமே. பார்த்துவிட வேண்டும் என்ற விருப்பமே கண்ணை ஏமாற்றிவிடுமோ என்று அஞ்சினேன். ஐந்தாம் நாள் ஒரு பறவை வெறும் பாறைமேல் வந்து அமர்ந்தது. அது இருபுறமும் திரும்பும்வரை எதையும் முடிவு செய்யவில்லை. புருவக்கோடு இல்லை. தலையும் தொண்டையும் மஞ்சள்.

எங்கள் நிறுவன மேலாளர் மஞ்சுநாத் பறவைப் பதிவுப் படிவத்தைப் பார்த்தார். "ரெண்டும் புல்புல்தானே சார்? சும்மா ஏன் இழுக்கறீங்க? ரெண்டு பேர் பார்க்கணும்னு ரூல் போட்டதே நீங்கதானே?"

"ரெண்டு பேர் பார்த்திருக்கோம்."

"மேடம் இப்போ இல்லையே சார்."

"பார்த்தப்போ இருந்தாங்க."

அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு பெயர்களையும் எழுதிக் கையெழுத்திட்டேன். குவாரி விண்ணப்பத்தின் மீது இன்னும் முடிவு வரவில்லை.

இத்தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று: ஒருவர் மட்டும் பார்த்ததை விட்டுவிடாதீர்கள். பார்த்தவர் பெயருடன் எழுதிவைத்து, மறுநாளே திரும்பிப் போங்கள். நான் ஐந்து வாரம் கழித்துப் போனேன்.

செய்யாமல் நிற்பவை:

1. குவாரி பற்றிய பொதுக் கருத்துக்கேட்புக்கு விளக்கக் குறிப்பு.
2. பறவையின் புகைப்படம்.
3. மேற்குச் சரிவில் கூடு தேடுதல், மழைக்கு முன்.
4. வசந்தாவின் குறிப்பேடுகளில் உள்ள, நான் சேர்க்க மறுத்த மற்றப் பதிவுகள், ஒவ்வோர் இடமாகத் திரும்பிப் போய்.