கண்டக்டர் குரல்

ஒரு காலத்தில் அவளைப் பேச்சில் ஜெயிக்க ஆளில்லை. கல்யாணமான முதல் வாரத்திலேயே கணவர் 'வாயாடி' என்று பெயர் வைத்துவிட்டார். அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, வீட்டில் வாயை மூடிக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்பதுதான் அவருக்கு ஓய்வு.

பிறகு அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. உலகமே கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு செயலி, அதை நடத்தும் பெரிய கம்பெனி; அதற்கு ஆள் பிடித்துத் தரும் அலுவலகம் ஒன்றில். ஜனங்கள் புகார் செய்த வீடியோக்களைப் பார்த்து, இருக்கட்டுமா போகட்டுமா என்று சொல்ல வேண்டும். நாம் பார்க்காமல் தப்பித்ததையெல்லாம் அவள் பார்த்தாள். அடிபடும் குழந்தைகளைப் பார்த்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும்படி பக்கத்து சீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தாள். அதனால் ஒன்றும் குறையவில்லை. சில வருடங்களில் வாயாடி வாயடைத்துப் போனாள். சாப்பிடும் கை பாதியில் நிற்கும். தூக்கம் கெட்டு, வேலையை விட்டு, வைத்தியத்துக்கு உதவி கேட்டபோது, "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லை" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

அதே சமயத்தில்தான் கண்டக்டருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனில் குரல் போய்விடும் என்றார் டாக்டர். முன்கூட்டியே குரலைப் பதிந்து வைத்தால், பிறகு அவர் தட்டுவதையெல்லாம் அந்தக் குரலிலேயே போன் பேசும். காசும் வேண்டாம். செய்து தருவது யார்? அதே கம்பெனிதான்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. தெருச்சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, அவரைப் படிக்க வைத்தாள். 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது' என்பது போன்ற உப்புச்சப்பில்லாத வாக்கியங்கள். மனுஷர் அத்தனையையும் பஸ்ஸில் கூவுகிற ராகத்திலேயே இழுத்துப் படித்துவிட்டார். இருந்த பயத்தில் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, அவர் முதலில் தட்டிய "கொஞ்சம் தண்ணி குடு" என்பதை, படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே போகச் சொல்வது போலக் கூவியது போன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"நான் டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள்.

"வாயாடிக்கு பாஸ் இருக்கு," என்றது போன்.

அவளைப் போல வேலையை விட்டவர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். அதற்கு ஆள் சேர்த்ததும் அந்தக் கம்பெனியின் செயலி வழியாகத்தான். வேறு எதில் சேர்ப்பது? அவளைப் பேசச் சொன்னார்கள். கண்டக்டர் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வாங்க, முன்னாடி நிறைய இடம் இருக்கு," என்று போனைக் கூவவிட்டு எல்லாரையும் உட்கார வைத்தார்.

அவள் தான் பார்த்ததைச் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரி உயிரை மாய்த்துக்கொண்டதைச் சொன்னாள். "எல்லாரும் அந்தக் கம்பெனிய விட்டு வெளிய வாங்க. நாம விடாத வரைக்கும் அது மாறாது," என்று முடித்தாள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அக்கா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா வாசல்ல உங்க வீட்டுக்காரர் பேசினது எந்தக் கம்பெனி குடுத்த குரல்ல?"

கேட்டவர் கையிலும் அதே கம்பெனியின் செயலிதான் திறந்து கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கேள்வி கேள்விதானே? அவள் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

மறுநாள் கடைக்குப் போய் ஒரு சிலேட்டு வாங்கி வந்தார்.

"நான் சொன்னதும் தப்பில்ல, நீங்க பேசறதும் தப்பில்ல. யாரோ கேட்டாங்கன்னு ஏங்க இப்படி?"

'நீ பேசு' என்று எழுதிக் காட்டினார்.

"எனக்கு உங்க குரல் வேணுங்க."

'உன் வாய அடைக்க நான் காரணமா இருக்க மாட்டேன்.' காட்டிவிட்டு, உள்ளங்கையால் அழித்தார்.

கெஞ்சினாள், சண்டை போட்டாள். மனுஷர் மசியவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது வீணாகிவிடக் கூடாதே என்று, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினாள். நாளாக ஆக நன்றாகவே பேசினாள். பழைய வாயாடி திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். வீட்டில் சாக்பீஸ் கீச்சிடும் சத்தம் மட்டும்தான். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு மத்தியானம், அவர் அசந்து தூங்கும்போது, அலமாரியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். 'வாயாடி, சாப்டியா?' என்று தானே தட்டினாள். சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். அதே இழுப்பு, அதே கூவல்.

"சாப்டேங்க," என்றாள்.

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அவராக இருந்தால் அந்தப் பொய்யை உடனே கண்டுபிடித்திருப்பார். போன் சும்மா இருந்தது. அவள் மறுபடியும் அழுத்தினாள்.