கொறங்காட்டு வழி

வெங்கடபதி மதிக்கிற ஆட்கள் ஊரில் அதிகம் இல்லை. மொபெட்டில் போகிறவன் அவருக்குச் சோம்பேறி. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவன் கால் இருந்தும் இல்லாதவன். ஜீப்பில் வந்து இறங்கும் கால்நடைத் துறை அதிகாரியைப் பற்றி அவர் பேசவே மாட்டார்; உதட்டை மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக் காட்டுவார்.

சென்னிமலைக்குத் தெற்கே இருபத்திரண்டு ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைச் சைக்கிளில் போய்த்தான் செய்தார். கேரியரில் குளிர்குடுவை, ஹேண்டில்பாரில் பை. எந்த இட்டேரியில் புகுந்தால் எந்தத் தோட்டத்தில் வெளியே வரலாம், எந்தப் பள்ளத்தில் மழைக்குப் பிறகு மூன்று நாள் சேறு நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அதிகாரிகள் கேட்டது மாதத்துக்கு எத்தனை ஊசி என்பதை மட்டும்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னிமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கூட்டம் வந்து இறங்கியது. ஆறு பேர். கோயமுத்தூரிலிருந்து சைக்கிள்களை ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சைக்கிளை வேனில் ஏற்றி வருகிறவர்களை அவர் அன்றுதான் பார்த்தார். தொடையைக் கவ்விப் பிடித்த கறுப்பு டிரவுசர், தலையில் குடலையைக் கவிழ்த்தது போல ஒரு தொப்பி. ஒருவன் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்ததுபோலக் கடிகாரத்தைப் பார்த்தான்.

அவர்களுக்குத் தலைவன் மதன்குமார் என்ற பையன். அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பட்டறை. அவன் ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்து, சென்னிமலையிலிருந்து காங்கயம் பக்கமாகச் சுற்றி வர லாரி போகாத வழி ஏதும் உண்டா என்று பேக்கரிக்காரரிடம் கேட்டான். சைக்கிளில் வருகிறவர்களுக்காக ஒரு வழிப்படம் அச்சடிக்கப் போகிறார்களாம்.

வெங்கடபதி எட்டிப் பார்த்தார். "இந்தப் படத்துல பாதி ஊரையே காணோமுங்க," என்றார்.

"உங்களுக்கு வழி தெரியுங்களா, ங்ணா?"

அந்த ஒரு கேள்வியில் அவர் விழுந்துவிட்டார். அன்று ஒரே ஒரு மாட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதை மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டார். குடுவையைப் பேக்கரியில் வைத்துவிட்டு, "பின்னாலயே வாங்க. வந்தாத்தான் தெரியும்," என்று மிதித்துக் கிளம்பினார்.

இட்டேரி என்பது இரண்டு பக்கமும் வேலி நெருக்கும் மண்தடம். அதில் நுழைந்ததுமே நகரத்துக்காரர்களின் வேகம் போய்விட்டது. அவர்கள் சைக்கிளின் டயர் கயிறு மாதிரி இருந்தது. ஒருவன் மணலில் சரிந்தான். இன்னொருவன் சாணி தெறிக்கிறது என்று ஒதுங்கப் போய் வேலி முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டான். இயற்கையைப் பார்க்க வந்தவனுக்குச் சாணி ஆகவில்லை! வெங்கடபதி அதையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்து அனுபவித்தார்.

நாலு கிலோமீட்டர் தள்ளிச் சின்னாத்தாளின் கொறங்காடு. கிளுவை வேலிக்குள் பதினொரு ஏக்கர் மேய்ச்சல் நிலம். புல்லுக்கு நடுவே அங்கங்கே வெள்வேல மரங்கள் குடை பிடித்து நிற்கும். மாடுகளை உள்ளே விட்டுப் வாசலில் இருக்கும் முள்தட்டிப் படலைச் சாத்திவிட்டால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம். புருஷன் போனபிறகு அந்தப் பூமியைத் தனியாகக் கட்டி ஆண்டவள் சின்னாத்தாள். குறுக்கே போய்வர அவள் அனுமதித்திருந்த ஒரே வெளியாள் வெங்கடபதி.

படலைத் திறந்து அவர் முதலில் நுழைந்தார். மதன்குமார் உள்ளே வந்து வாயைப் பிளந்தான். "பார்க் மாதிரியே இருக்குதுங்ணா!"

"பார்க்குன்னா ஒருத்தன் தண்ணி ஊத்துவானுங்க. இங்க ஒரு குடம் ஊத்துனவன் இல்லை," என்றார் வெங்கடபதி.

உள்ளே தடம் கெட்டியாக இருந்தது. அவர்கள் வேகம் பிடித்தார்கள். பத்தொன்பது வருஷச் சைக்கிளை வைத்துக்கொண்டு இந்த டிரவுசர்களிடம் தோற்பதா? வெங்கடபதி எழுந்து நின்று மிதித்தார். திரும்பியே பார்க்கவில்லை. எதிர்ப் படலுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அதையும் தாண்டி, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று, ஒவ்வொருவராக மூச்சிரைக்க வருவதைப் பார்த்துச் சிரித்தார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து சின்னாத்தாளின் குரல் கேட்டது. வெங்கடபதியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அன்று பெயர் சொல்லிக் கத்தினாள்.

திரும்பி ஓடிப் பார்த்தால், முதலில் நுழைந்த படல் திறந்தே கிடந்தது. அதற்கு நேர் எதிரே, இட்டேரிக்கு அந்தப் பக்கம், அவளுடைய சோளக்காடு. மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நின்ற இளஞ்சோளம், மாட்டுக்கு விஷம். மயிலைப் பசுவும் செவலைப் பசுவும் அதில் புகுந்து மேய்ந்திருந்தன. மயிலை விழுந்து கால்களை உதைத்தது. செவலை நுரை தள்ளிக்கொண்டு தள்ளாடியது.

"வெல்லத்தைக் கரைச்சு ஊத்துங்கக்கா, இதா வாரேன்," என்றார் வெங்கடபதி. ஞாயிற்றுக்கிழமை, மாட்டு டாக்டர் ஈரோட்டில் இருப்பார். அந்த விஷத்துக்கு முறிவு போட்டோ கழுவுகிற ஹைப்போ உப்பு. அது சென்னிமலையில் அமீர் ஹம்சாவின் ஸ்டுடியோவில் இருக்கும்.

"நான் போறேனுங்ணா," என்றான் மதன்குமார்.

"போயி எங்கீங்க நிப்பீங்க? வழியில மாட்டைக் கேப்பீங்களா?" அவன் கையிலிருந்த சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வெங்கடபதி கிளம்பினார். இட்டேரியை விட்டுவிட்டுத் தார் ரோட்டைப் பிடித்தார்.

சீட் உயரம், குனிந்தே ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு மிதிக்கு அது போன தூரம்! கதவைத் திறந்த அமீர் ஹம்சா, விஷயத்தைக் கேட்டதும் எடை போடக்கூட நிற்காமல் பொட்டலத்தை அப்படியே கையில் திணித்தார். "அப்பறம் பேசிக்கலாம், போங்க," என்றார்.

திரும்பி வந்தபோது மயிலை போய்விட்டிருந்தது. ஹைப்போவைத் தண்ணீரில் கரைத்து, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் ஊற்றி, செவலையின் வாயைப் பிடித்துத் திறந்து புகட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அது தலையைத் தூக்கியது. போகவர இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. தன் சைக்கிள் என்றால் செவலையும் போயிருக்கும் என்பது வெங்கடபதிக்குத் தெரியும். அதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக நுழைந்தவன் அருண்குமார் என்ற பையன். "தானாச் சாத்திக்கும்னு நெனச்சேன்," என்றான். ஆஸ்பத்திரிக் கதவு போலப் படலுக்கும் ஸ்பிரிங் இருக்கும் என்று நினைத்திருக்கிறான்! வெங்கடபதி அவனைப் பிடித்துக் கத்தத் தொடங்கினார். படிப்பு, பணம், டிரவுசர் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார்.

சின்னாத்தாள் முந்தானையால் கையைத் துடைத்தபடி குறுக்கே வந்தாள்.

"அந்தப் பையனை எதுக்குங்க வையறீங்க? அதுக்கு என்ன தெரியும்? கூட்டிட்டு வந்தவரு நீங்கதானுங்க. கூட்டிட்டு வர்றவரு கடைசியில நின்னு சாத்திட்டு வரோணும். நீங்க ஜெயிக்கப் போயிட்டீங்க. ஜெயிச்சுப்போட்டீங்களா?"

இத்தனை 'ங்க' போட்டு அவரை யாரும் செருப்பால் அடித்ததில்லை.

அடுத்த வாரம் மதன்குமார் மயிலைக்கு ஈடாக ஒரு சீமைக் கிடாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். சின்னாத்தாள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இந்த அம்மணிக்கு வெய்யலே ஆகாதே கண்ணு. இதுக்கு நான் ஃபேன் மாட்டோணும்," என்று திருப்பி அனுப்பினாள். தை மாதம் அவர்கள் வழிப்படம் அச்சாகி வந்தது. பேக்கரியில் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கொறங்காடு இருந்த இடத்தில் பச்சை மை அடித்து 'இயற்கைப் பூங்கா' என்று போட்டிருந்தது. அதை நம்பி வந்த இரண்டு கூட்டம், சின்னாத்தாள் படலில் அடைத்துவைத்த முள்ளைப் பார்த்துத் திரும்பிப் போனது. பேக்கரியில் ஒட்டியிருந்ததை வெங்கடபதி மூன்றாம் நாளே கிழித்துப் போட்டார்.

அதன்பிறகு ஊசிக்கு அவள் அவரைக் கூப்பிடவில்லை. பத்து மாதம் அவர் அந்தக் காட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனார். கேட்டவர்களிடம் அந்தத் தடம் சரியில்லை என்றார்.

ஆனியில் ஆள் வந்தது: செவலை பருவத்துக்கு வந்திருக்கிறது, வரச் சொன்னார்கள். அவர் போனபோது சின்னாத்தாள் முள்ளை விலக்கிவிட்டுப் படலுக்கு உள்ளே நின்றிருந்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். அவள் நகரவில்லை.

"சாத்துங்க," என்றாள்.

சாத்தினார்.

"கவுத்தையும் கட்டிப்போடுங்க."

ஐம்பது வயதை நெருங்குகிற அரசாங்க உத்தியோகஸ்தர். காது மடல் சுட்டது. பிறகு குனிந்து கயிற்றைக் கட்டினார். அவள் கிட்டே வந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாடு அங்க மரத்தடியில நிக்குதுங்க," என்று முன்னால் நடந்தாள்.