ஸ்டெல்லா அக்காவின் அப்லோடு

போன வியாழக்கிழமை என் வாயால் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது. வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறேனே... அதே வாய்தான்!

பத்தி எழுதுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற ஆறு நாளும் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸும் நம்ம கஸ்டமர். முதலாளி குப்புசாமி அண்ணன். அவருக்குப் புதிதாக ஒரு பெரிய கம்பெனியின் லோடு கிடைக்கிற மாதிரி இருந்தது. சும்மா கொடுப்பார்களா? தலையணை மொத்தத்துக்கு ஒரு விதிமுறைப் புத்தகம் அனுப்பிவிட்டார்கள். எங்கள் சரக்கு விவரம் உங்கள் ஆபீஸை விட்டு எங்கே போகிறது, யார் அனுப்புகிறார், எல்லாவற்றுக்கும் பதிவு காட்டு. காட்டாவிட்டால் லோடு கிடையாது.

"இதப் படிச்சா எனக்குத் தல சுத்துதுங்க சார். என்னமோ ஒண்ணு பண்ணிக் குடுத்துருங்க" என்றார் அண்ணன்.

அதுவரை அங்கே ஒரு டப்பா மட்டும் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வேகம், எதைத் தடுப்பது என்று பார்த்துக்கொள்ளும். ஆனால் நேற்று என்ன போனது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். அதோடு, எது எங்கே போனது என்று எழுதிவைக்கும் ஓர் அனலிடிக்ஸ் சாஃப்ட்வேரை இணைத்தேன். இனிமேல் பார்ப்பதும் தடுப்பதும் ஒரே திரையில். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் ஓடவிட்டு, வியாழக்கிழமை போய் ரிப்போர்ட்டைத் திறந்தேன். பில்லிங் டேபிள் கம்ப்யூட்டரிலிருந்து தினமும் மூட்டை மூட்டையாக டேட்டா வெளியே போயிருந்தது. எங்கே? ஒரு தனியார் ஸ்டோரேஜ் அக்கவுன்ட்டுக்கு. யார் பேரில்? ஸ்டெல்லா.

ஸ்டெல்லா அக்கா அந்த ஆபீஸின் பில்லிங் கிளார்க். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பதினெட்டு வருஷமாக அதே சீட்.

"கசியுதுங்கண்ணா" என்றேன். டாக்டர் மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "போன மாசம் ரெண்டு லோடு பக்கத்து ஆபீசுக்குக் கைமாறிப் போச்சுங்க. ரேட்டு எப்படித் தெரிஞ்சுதுன்னு மண்டையப் போட்டு ஒடச்சிட்டிருந்தேன். இப்பத்தான வெளங்குது!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேய்க்கு நான்தான் விலாசம் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை — அந்த அப்லோடைத் தடுத்தும் விட்டேன். ஒரே கிளிக்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அண்ணன் திரையைக் காட்டி, "என்ன அம்மிணி இது?" என்றார்.

அக்கா பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் அனுப்பினதுதாங்கண்ணா. ஆனா எதையும் திருடலைங்க."

"அப்ப அதுல என்ன இருக்குது?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. "நாளையிலருந்து வர வேண்டாம்மா" என்றார் அண்ணன். அக்கா போய் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். பதினெட்டு வருஷ ஆள் இப்படிச் செய்வாரா என்று எனக்கே ஒரு சந்தேகம். ஆனால் ரிப்போர்ட் பொய் சொல்லுமா?

அந்த நேரம் பார்த்து டிரைவர் ராசு விறுவிறுவென்று உள்ளே வந்தார். கையில் போன். "அக்கா, கால் மணி நேரமாச்சு, வீடியோ வந்துருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே. எடுத்து வெச்சீங்களா இல்லியா? அது சேராம நான் வண்டிய எடுக்க மாட்டேனுங்க!"

எப்படிச் சேரும்? நான்தான் தடுத்து வைத்திருக்கிறேனே!

"என்ன வீடியோடா?" என்றார் அண்ணன்.

ராசுவுக்கு அப்போதுதான் முதலாளி நிற்பது தெரிந்தது. போன் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. லோடு ஏற்றும் இடத்தில் எவனும் போனை எடுக்கக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பான ரூல். போன் பேசிக்கொண்டே மூட்டை தூக்கி ஒருவர் விழுந்ததிலிருந்து. மீறினால் அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிவிடுவார். ஸ்டெல்லா அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா பையோடு நிற்பதை ராசு பார்த்தார். மறைத்த போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சாவிய வேணா வாங்கிக்கங்க. நாக்பூர்ல எட்டு மூட்டை கம்மீன்னு என்னையத் திருடன்னு சொல்லி ஒரு பகல் முச்சூடும் உக்கார வெச்சிருந்தாங்கல்லங்க? லோடு ஏத்தறப்ப நான் எடுத்து அனுப்பியிருந்த வீடியோவ இந்தக்காதான் அங்க அனுப்புனாங்க. அதப் பாத்துட்டுத்தான் வுட்டாங்க. அதுலருந்து எல்லா டிரைவரும் லோடு ஏத்துனா எடுத்து அக்காவுக்கு அனுப்பிருவோமுங்க. எங்க போனு ஒடஞ்சாலும் அவங்ககிட்ட இருக்குமுங்க."

அண்ணன் அந்த வீடியோவை ஓடவிட்டார். ஸ்டார்ச் மூட்டைகள், வரிசை வரிசையாக. ராசுவின் குரல் எண்ணுகிறது. தார்ப்பாய், கயிறு, முடிச்சு, நம்பர் பிளேட், கடைசியாகப் பற்றவைத்த சூடம். அவ்வளவுதான். நான் கண்டுபிடித்த 'கசிவு' இதுதான். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அக்கா செய்தது விதிமுறைப்படி தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. கம்பெனி சரக்கு விவரம் சொந்த அக்கவுன்ட்டில் இருக்கக் கூடாது. ஆனால் சரக்கு ஒழுங்காக ஏறியதற்குச் சாட்சி கேட்டால், அந்த ஆபீஸில் அதை ஒழுங்காக வைத்திருந்ததும் அவர் ஒருவர்தான். எது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால், எல்லாமே தெரிந்துவிட்ட மாதிரி நமக்கு ஒரு திமிர் வருகிறது பாருங்கள்... எதற்காகப் போகிறது என்பதை எந்தத் திரையும் சொல்வதில்லை.

அண்ணனுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "அந்தப் பையக் கீழ வையி அம்மிணி" என்றார். பிறகு அவரே எதிர்க்கடைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாம்.

அன்றைக்கே ஆபீஸ் ஸ்டோரேஜில் லோடு வீடியோவுக்குத் தனி இடம் ஒதுக்கினேன். யார் திறந்து பார்த்தாலும் பதிவாகும். நெட்வொர்க்கில் அதற்குத்தான் முதல் வழி, மற்றதெல்லாம் பின்னால். லோடு கட்டி முடித்து, வண்டி நிற்கும்போது வீடியோ எடுக்கலாம் என்று அண்ணனும் ரூலைத் தளர்த்தினார். ராசு வண்டியை எடுத்தார்.

கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏங்க்கா, எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "போன வருஷமே கேட்டேனுங்களே சார். லோடு வீடியோ வெக்க ஆபீஸ்ல கொஞ்சம் எடம் கெடைக்குமான்னு. நீங்க தலையக்கூட நிமித்தாம, 'அதெல்லாம் எதுக்குங்க்கா'ன்னுட்டுப் போயிட்டீங்க."

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை முழுசாகத் தேடிவிட்டேன். அது மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.