கிராணியைப் பிடிக்க நான் வைத்த டம்ப்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் முட்டாள்தனத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, நான் எழுதிய நிரலில் தப்பே இருக்காது என்ற நினைப்பு.

எண்பதுகளின் கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். தஞ்சோங் காராங்கைத் தாண்டி இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு நாங்கள் ஒரு மிஷின் கொடுத்தோம். செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி எடைமேடையில் ஏறி நின்றால், எடை கம்பி வழியாக நேரே மிஷினுக்குப் போய்விடும். கிராணி என்று நாங்கள் சொல்லும் குமாஸ்தா லோரி நம்பரை மட்டும் தட்டினால் போதும், சீட்டு அச்சாகி வரும். எடையை வாங்கி உள்ளே சேர்க்கும் நிரலை எழுதியவள் நான். தோட்டத்துப் பிள்ளைதானே, உன் ஆட்களை நீயே பார்த்துக்கொள் என்று முதலாளி அந்த ஆலையை என் தலையில் கட்டினார்.

மூன்றாவது வாரத்தில் மிஷின் விழத் தொடங்கியது. விழுவது என்றால் மேசையிலிருந்து இல்லை. மிஷினுக்குள் எல்லா வேலையையும் மேய்த்துக்கொண்டிருக்கும் கெர்னல் என்ற தலைமை நிரல், இனி என்னால் ஆகாது என்று கையை விரித்துவிடும். திரையில் எழுத்தும் இலக்கமும் கலந்த முப்பது நாற்பது எண்களைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோகும். யாராவது பொத்தானை அமுக்கி மறுபடி எழுப்ப வேண்டும். அதற்குள் வெளியே லோரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

எடைமேடைக் கிராணிக்கு ஐம்பது வயதுக்கு மேல். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் செக்ரோல் எழுதியவர். அதாவது காலையில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதியும் புத்தகம். மிஷின் விழும்போதெல்லாம் போனில் அவரைக் கேட்பேன், என்ன செய்தீர்கள் என்று. எப்போதும் ஒரே பதில்தான்.

"நான் ஒண்ணுமே தொடலம்மா. சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

உலகத்தில் கம்ப்யூட்டரைக் கெடுத்த அத்தனை பேரும் இதைத்தான் சொல்வார்கள். நான் நம்பவில்லை. ஆலை மேனேஜரும் நம்பவில்லை. கிராணிக்குக் கை வரவில்லை என்றால் அவரை உர ஸ்டோருக்கு மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாம் என்றார். கிராணிக்கு மூச்சிழுப்பு நோய் உண்டு. உர மூட்டைத் தூசியில் அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மாற்றினால் நல்லது என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

திரையில் வரும் எண்களை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தேன். அனுப்பினார். என்ன கையெழுத்து! ரூலர் வைத்துக் கோடு போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. இரண்டு நாள் அந்தத் தாளோடு மண்டையை உடைத்துக்கொண்டேன். அதன்படி பார்த்தால், எந்த மிஷினும் போகவே முடியாத பாதையில் இந்த மிஷின் போயிருந்தது. பஸ் ஏறிப் போய் அவரிடமே கேட்டேன்.

"தாறுமாறா கெடந்துச்சும்மா. நான்தான் நம்பர் வரிசைப்படி அடுக்கி எழுதினேன். எழுத்துல ஆரம்பிக்கிறத தனியா கீழ போட்டுட்டேன்."

செக்ரோலில் ஆட்கள் நம்பர் வரிசைப்படிதான் இருக்க வேண்டும். வந்த வரிசையில் எழுதினால் பெரிய கிராணி தாளைக் கிழித்துப் போடுவாராம். எனக்கோ எந்த எண் எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் முழுக் கதையே. கத்த வாயெடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் எழுதிவைத்திருந்த இன்னொரு நகலையும் என்னிடம் நீட்டினார். அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனி மனிதரை நம்பிப் பயனில்லை, மிஷினே சாட்சி சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன். அதற்கு டம்ப் என்று ஒன்று உண்டு. கெர்னல் சாகிற நேரத்தில் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே டிஸ்க்கில் கொட்டிவிட்டுச் சாகும். அப்புறம் நாம் நிதானமாகப் பிரேதப் பரிசோதனை செய்துகொள்ளலாம். எங்கள் கெர்னலில் இந்த வசதி இருந்தது. ஆனால் அதை எழுதிய மகராசன் யாரோ, டிபக்கரையும் டம்பையும் ஒரே சுவிட்சில் கட்டிவைத்திருந்தான். டிபக்கர் என்பது விழுந்த மிஷினை அப்படியே பிடித்துவைத்து, எஞ்சினியர் வந்து கேள்வி கேட்கும்வரை காத்திருக்க வைப்பது. கெர்னலைக் கட்டும்போது ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி, தொலையட்டும் என்று இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மழை மதியத்தில் மிஷின் விழுந்தது. டிபக்கர் எனக்காகக் காத்திருந்தது. நான் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தேன். கொடுக்க வேண்டிய கட்டளையைப் போனிலேயே கிராணிக்குச் சொல்லியிருக்கலாம். அவர் கையை நம்பாமல், எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். கிள்ளானில் பஸ் மாறி, ஜெராம் வழியாகப் போய்ச் சேர நாலு மணி நேரம். பறித்த குலை கிடக்கக் கிடக்க எண்ணெய் கெடும். லோரிகள் மெயின் ரோடுவரை நின்றன. நான் நனைந்துகொண்டே நடந்து வந்ததைப் பார்த்து ஒரு டிரைவர், டாக்டர் வந்துட்டாங்க லா, பொணத்த எடுக்கலாம் என்றார். மேனேஜர் திட்டவில்லை. டம்ப் எடுக்கவும் விடாமல் மிஷினை உடனே எழுப்பவைத்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மிஷினை ஒரு லோரியில் ஏற்றி அனுப்பிவிடுவதாக மட்டும் சொன்னார்.

ஆகவே பிரித்தேன். கெர்னலின் மூல நிரல் எங்களிடம் இருந்தது. டிபக்கர் தலைகாட்டும் இடத்தையெல்லாம் தேடி, இந்த வரி உண்மையில் டிபக்கருக்கா, டம்புக்கா என்று ஒவ்வொன்றாகப் பாகப்பிரிவினை செய்தேன். சில வரிகளுக்கு இரண்டு பேரும் உரிமை கொண்டாடினார்கள். அவற்றைப் பொதுவில் விட்டேன். பத்து நாள் ஆயிற்று. கடைசியில் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்த இடத்தில் இரண்டு வரி இருந்தது. டம்ப் வேண்டும், டிபக்கர் வேண்டாம். விழு, கொட்டு, நீயே எழுந்துகொள். எதற்கு இவ்வளவு பாடு என்று முதலாளி கேட்டார். அந்தக் கிராணி எந்தப் பட்டனைத் தட்டிக் கெடுக்கிறார் என்று அச்சில் காட்டுகிறேன் என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு.

அடுத்த மழைக்கு விழுந்தது. சில நிமிடத்தில் தானாக எழுந்துகொண்டது. டம்பை டேப்பில் எடுத்துவந்து, ஆசை ஆசையாக, கீபோர்டிலிருந்து கடைசியாக வந்த எழுத்துகள் இருக்கும் இடத்தை முதலில் திறந்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. மனிதர் நிஜமாகவே சும்மாதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பக்கத்தில் எடைமேடை அனுப்பிய எண் இருந்தது. கழித்தல் நாற்பது கிலோ. லோரி இல்லாத நேரத்திலும் மேடை எடையை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். காலி மேடையின் எடை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லோரிச் சக்கரத்துச் சேறு மேடையில் அப்பிக் கிடக்கும். காலையில் அதோடு சேர்த்துத்தான் பூஜ்யம் வைப்பார்கள். மழை சேற்றைக் கழுவியதும் மேடை லேசாகிவிடும். மேடை நாற்பதைக்கூட 00040 என்று ஐந்து இலக்கமாகத்தான் அனுப்பும். அந்த ஐந்து இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்ட நான், கழித்தல் குறிக்கு இடம் விடவில்லை. அந்த ஒற்றைக் குறி எல்லை தாண்டிப் பக்கத்தில் இருந்த கெர்னலின் இடத்தில் ஏறி, அதையே சாய்த்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பத்து நாள் செலவழித்துக் கூடத்தை அளந்து, கூடம் நேர்தான் என்று அத்தாட்சியும் வாங்கிவிட்டேன்.

திருத்தம் ஒரே வரி. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, கெர்னலைப் புதுப்பித்தோம், சரியாகிவிட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? பஸ் ஜெராமைத் தாண்டும்வரை அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். எடைமேடை அறைக்குள் நுழைந்தால், கிராணி தன் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். திங்கட்கிழமையிலிருந்து உர ஸ்டோராம். தூசிக்கு மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு துண்டையும் துவைத்து மடித்து மேலே வைத்திருந்தார்.

மேனேஜரை அங்கேயே கூப்பிட்டு, தப்பு என்னுடையது, இவர் எதையும் தொடவில்லை என்று மலாயில் சொன்னேன். கிராணிக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும். இருந்தாலும் அவர் பக்கம் திரும்பித் தமிழிலும் ஒருமுறை சொன்னேன். மேனேஜர் நான் கொடுத்த அச்சுத்தாளை ஒன்றும் புரியாமல் புரட்டிவிட்டு, சரி, கிராணி இங்கேயே இருக்கட்டும் என்று வெளியே போனார்.

திட்டட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கிராணி அட்டைப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை, கவலைதான் இருந்தது.

"அப்ப ஒங்கள எங்கம்மா மாத்துவாங்க?"