வளையுது

வசுமதி இப்போதும் கொழுந்து மெசின் பிடிக்கிறாள். கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட்டில் அந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டும். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவர் கையிலும் மெசின். வெட்டுகிற கொழுந்து பின்னால் நீளப் பைக்குள் போய் விழும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் வர வேண்டும். கிளையில் மாட்டினால் பை கிழிந்துவிடும் என்பதால் அவன் கண் பையை விட்டு நகராது. பாதையைப் பார்க்க முடியாது. அதனால் நிரை முடிவில் திரும்பும் முன் முன்னால் இருப்பவர் "வளையுது!" என்று கத்த வேண்டும். பின்னாலிருந்து "வரட்டும்!" என்று பதில் வந்தால்தான் திரும்பலாம். இதை எந்தத் துரையும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஆட்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

வசுமதிக்கு அப்போது வாய் ஜாஸ்தி. பிரிஞ்சாங் டவுனில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் எஸ்டேட்டுக்கே திரும்பியவள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அவள் சிரித்தால் கடைசி லயத்து வீட்டுக்குக் கேட்கும். மெசினின் மறுபக்கம் யோகேந்திரன். அவன் வாயில் எப்போதும் கொழுக்கட்டை. பை பிடித்தவன் மகேன். இருவருக்கும் அண்ணன் மாதிரி.

காதல் வந்தால் வேலை கெட்டுப்போகும் என்று பேசுகிறவர்களைக் கொண்டுவந்து அந்த மாதங்களில் எங்கள் மேட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். இருவர் காலும் ஒரே கால் போல நடந்தன. செடியின் தலை பாய் விரித்தது போல் சமமாக இருக்கும். கங்காணி மற்ற செட்டுகளைத் திட்டுவதற்கே இவர்களைக் காட்டுவார். கத்துவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அவன் ஒரு பார்வை பார்ப்பான், அவள் ஒரு பார்வை பார்ப்பாள், மெசின் திரும்பிவிடும்.

மகேனுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு அலுத்துக்கொண்டான்.

"ஏய், சத்தம் குடுங்கலா! நீங்க ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிறீங்க, எனக்கு யாரு சொல்றது?"

"நாங்க திரும்புனா நீங்களும் திரும்புங்கண்ணே" என்பாள் வசுமதி. சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிடுவான். மூன்று பேர் வேலை எப்போது இரண்டு பேர் வேலையாக மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை. கங்காணிக்குக் கொழுந்து வந்தால் போதும்.

அன்று காலை நல்ல மூடுபனி. கம்போங் ராஜா ரோட்டுக்கு மேலே உள்ள மேட்டில் நிரை முடிகிற இடம் செங்குத்துச் சரிவு, கீழே பாறை. இருவரும் பார்த்துக்கொண்டார்கள், திரும்பினார்கள். நிறைந்த பை வெளிப்பக்கமாக வீசியது. மெசின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பை ஆளில்லாமல் அலைவதைப் பார்த்துத்தான் நின்றார்கள். அதுவரை தாங்கள் சிரித்துக்கொண்டே நடந்ததாக வசுமதி என்னிடம் சொன்னாள்.

மகேன் ஈர மண்ணில் வழுக்கிப் பாறையில் விழுந்து செத்தான் என்று ஆபீசில் சொன்னார்கள். விதி என்றார் கங்காணி. மகேனின் அம்மாவே வசுமதியைக் கட்டிக்கொண்டு, "நீ என்னம்மா செய்வ" என்று அழுதார். அந்த அம்மா கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் இவள் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

மகேன் இடத்துக்குப் பை பிடிக்க வந்தவள் நான். முதல் நாள் நிரை முடிவில் வசுமதி "வளையுது!" என்று கத்தினாள். நான் "வரட்டும்!" என்றேன். அவள் நகரவில்லை. மெசின் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.

"உங்க சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள். "அண்ணன் இன்னும் சொல்லல."

யோகேந்திரன் தலையைக் குனிந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்கு மட்டும் ஏதோ கேட்டது போல் தலையசைத்துவிட்டுத் திரும்பினாள். ஒவ்வொரு நிரையிலும் அப்படித்தான். பயந்தேன் என்பதுதான் உண்மை. பனி இறங்கினால் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டேன்.

கொழுந்து குறைந்தது. கங்காணி இருவரையும் பிரித்துப் போடுகிறேன் என்று குதித்தார். யோகேந்திரன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்: "வேணாங்க. நான் அவளக் கட்டிக்கிறேன்." பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பது நம் ஆட்களின் வைத்தியமாயிற்றே. நானும் அதைத்தான் வசுமதியிடம் சொன்னேன். அவனை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிரிஞ்சாங்கில் தாலி கட்டினான். ஊர்ச் சனமெல்லாம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் படம் எடுக்கிறவர் இருவரையும் நிறுத்தி வைத்தார்.

"அண்ணே, அக்காவப் பாருங்கலா. அக்கா, நீங்களும் பாருங்க. அப்படியே."

யோகேந்திரன் மெதுவாகத் திரும்பினான். பாவம், மகேன் போனதிலிருந்து அடக்கி வைத்திருந்த ஆசையெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. வசுமதி சட்டென்று மருதாணிக் கையால் அவன் கண்ணை மூடினாள்.

"பாக்காதீங்க."

"ஏன் வசு?"

"நீங்க பாத்தா எனக்கு வேற யாரும் தெரிய மாட்டேங்குது."

"சூப்பர்லா! அப்படியே இருங்க!" என்று படம் எடுத்துவிட்டார் அவர். பந்தியில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். படம் எடுத்து முடிந்த பிறகும் அவள் கையை எடுக்கவே இல்லை.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் குறும்புக்காரப் பொண்ணு என்கிறார்கள். இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல்தான் வாழ்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு யோகேந்திரன் அவள் முகத்தைப் பார்த்து நான் கண்டதே இல்லை.