முடியாது என்று சொல்லத் தெரியாதவர்

உங்கள் செருப்பை நீங்களே மாட்டிக்கொள்கிறீர்களா? சிரிக்காதீர்கள். அரசாங்கம் ஒருநாள் உங்களிடம் இதைக் கேட்கலாம். அன்று என்ன பதில் சொல்வீர்கள்?

ஏணிக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. ஏணி என்பது பட்டப்பெயர். நெட்டை உருவம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில். வேலைக்கு ஆள் எடுக்கும் தெருமுனையில் காலையில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வண்டியை விட்டு இறங்காமலே கேட்பார்.

"மூணாவது மாடி. ஏற முடியுமா?"

"முடியும்."

"மழைக்கு முன்னாடி முடிக்கணும். முடியுமா?"

"முடியும்."

காய்ச்சலடித்தாலும் முடியும், தோள் கழன்றாலும் முடியும். முடியாது என்றவன் பக்கம் மேஸ்திரி மறுநாள் திரும்பவே மாட்டார். அந்தத் தெருமுனையில் பழகிய வாய் அது.

ஒருநாள் அவர் ஏறி நின்ற சாரம் சரிந்தது. இடுப்பு நொறுங்கி, முதுகுத்தண்டும் அடிபட்டது. விதி என்றார்கள் அக்கம்பக்கத்தார். விதிக்கு இற்றுப்போன கயிற்றில் சாரம் கட்டத் தெரியாது. அதைக் கட்டச் சொன்னவர் மேஸ்திரி. அவரோ கைகழுவிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

இடது கால் அதன்பிறகு ஏணியின் பேச்சைக் கேட்கவில்லை. செருப்பு மாட்டிவிடுவதும் கழிவறைக்குத் தாங்கிப் போவதும் மனைவிதான். அவர் துணி தேய்க்கும் கடைக்கு வேலைக்குப் போனால் கணவரைப் பார்க்க ஆளில்லை. வீட்டிலேயே இருந்தால் அடுப்பு எரியாது. மிச்சமிருந்த ஒரே வழி மாதாந்திர உதவித்தொகை. அதற்கு நாற்பது சதவீத ஊனம் என்று அரசு மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

போகிற நாளில் ஏணி முகம் மழித்து, தேய்த்த சட்டை கேட்டார்.

"பொண்ணு பாக்கவா போற?" என்றார் மனைவி, சட்டையை மடிப்புக் கலையாமல் மாட்டிவிட்டபடி.

"பரதேசி மாதிரி போய் நின்னா மதிப்பாங்களா?"

கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டுமாம். மனைவி அவரை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். அறைக்குள் நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டில் இருந்தது. அதில் பழைய கோப்புகள் படுத்திருந்தன. மருத்துவர் நிமிரவில்லை.

"நடக்க முடியுமா?"

அதே கேள்வி, அதே அவசரம். ஏணி தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தினார். வலி பிடரி வரை ஏறியது.

"முடியும் சார்."

"செருப்பு நீங்களே போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேன் சார்."

"நான்தான் சார் மாட்டிவிடுறேன்!" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா, உங்களையா கேட்டேன்?"

கதவு சாத்தப்பட்டது. முப்பது சதவீதம் என்று எழுதிவிட்டார் மருத்துவர்.

"ஏன்யா அப்படிச் சொன்ன? உன்னை ராத்திரி தாங்கிட்டுப் போறது யாரு, உன் மேஸ்திரியா?"

"முடியாதுன்னா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு."

மேல்முறையீடு செய்தார்கள். இரண்டாம் முறை போகும் வழியெல்லாம் ஏணி அந்த ஒரு சொல்லை முணுமுணுத்துப் பழகினார். உள்ளே இருந்தவர் அதே மருத்துவர்.

"போன தடவை முடியும்னீங்க. இப்ப முடியாதுங்கறீங்க. இதுல எது பொய்?"

சதவீதம் அசையவில்லை. கட்டிலில் இருந்த கோப்புகளும் அசையவில்லை.

இப்போது மனைவி தண்ணீர்ச் செம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். அவர் திரும்பும்வரை ஏணி பல்லைக் கடித்துக்கொண்டு கழிவறையை நினைக்காமல் படுத்திருக்கிறார். முடிகிறதா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் படுத்திருப்பார். அவர் அந்த அறைக்குப் போகும் நாளில் கூடப் போங்கள். வெளியே நில்லுங்கள் என்றால் நிற்காதீர்கள். கட்டிலைக் காலிசெய்து, அவரைப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய மிக மோசமான நாள் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்கு அது வராது.