மண்டபத்துக்கு வாங்கிய கையெழுத்து

வானம் இருட்டினால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளை இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் நான் வேலை செய்யும் கெலாங் பாத்தாவிலிருந்து பார்க்கையில், எங்கள் வீடு இருக்கும் செடெனாக் பக்கம் வானம் கறுத்தால் போதும், கை வேலையில் நிற்காது. முதலில் அக்காவுக்குப் போன் போடுவேன்.

அக்கா எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வீட்டில் இருக்கிறாள். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அத்தான் இல்லை. மகன் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். பகலெல்லாம் அவளும் சக்கர நாற்காலியும்தான். அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் பெரிய லோங்காங் ஓடுகிறது. மேட்டில் பெய்யும் மழையெல்லாம் அந்தக் கால்வாயில் இறங்கித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும்.

மேட்டில் செம்பனைத் தோட்டம் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. மரங்களைச் சாய்த்து வீடு கட்ட ஒரு நிறுவனம் வந்தது. வட்டாரத்தின் பொது வசதிகளுக்கென்று நகராண்மைக் கழகம் அவர்களிடம் ஒரு கட்டணம் வாங்கியது. வீடு கட்டி விற்கிறவன் சுற்றியிருக்கும் சனங்களுக்கும் ஏதாவது செய்துவிட்டுப் போகட்டும் என்பது நியாயம்தானே. அதை எதற்குச் செலவிடலாம் என்று கேட்க ஓர் அதிகாரி எங்கள் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். சங்கச் செயலாளர் நான். மலாயில் நன்றாகக் கடிதம் எழுதுவேன் என்று என் தலையில் கட்டிய பதவி.

ஒன்றைத்தான் இப்போது செய்ய முடியும் என்றார் அதிகாரி. லோங்காங்கை அகலமாக்கி ஆழமாக்குவதா, பொது மண்டபம் கட்டுவதா? மற்றது அடுத்த கட்ட வீடுகள் வரும்போது. மேட்டில் மரம் போனால் தண்ணீர் வேகமாக இறங்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். நாங்கள் எங்கே யோசித்தோம்? எங்கள் புத்தியெல்லாம் ஓமப்புகையில் இருந்தது.

அதற்கு முந்தின மாதம் தாமானில் ஒரு கல்யாணம், ஓட்டல் மண்டபத்தில். ஐயர் ஓமம் வளர்த்து நெய்யை ஊற்றினார். தாலி எடுக்கும் நேரத்தில் புகை மணி அலறியது. காவலாளிகள் தீயணைக்கும் உருளையோடு மேடையேறிவிட்டார்கள். மாப்பிள்ளை தலையெல்லாம் வெள்ளைப் பொடி. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே பேச்சு: உயரக் கூரை போட்ட சொந்த மண்டபம் வேண்டும். என் மகளுக்கும் அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே ஊர்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். அக்கா மட்டும் பேனாவை வாங்கவில்லை.

"தம்பி, எனக்கு லோங்காங்தான் வேணும். மழை பெய்யும்போது அந்தச் சத்தம் உனக்குக் கேக்காது. நீ மேட்டு வீட்டுல இருக்க."

"அலமாக், இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் தண்ணி உள்ள வந்திருக்கா? மண்டபம் வந்தா உன் மருமக கல்யாணத்த இங்கயே உக்காந்து பாக்கலாம். நாற்காலிய கார்ல ஏத்தி எறக்கி அலைய வேணாம்லா."

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எனக்காகத்தான் போட்டாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

மண்டபம் எழும்பியது. மேட்டில் செம்பனை போய்ச் செம்மண் தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஒரு சாண் கூடுதலாக ஏறியது, அக்கா வீட்டுப் பின்சுவரில் சிவப்புக் கறையும் கூடவே ஏறியது. நான் அதைப் பார்க்காதவன்போலத் தேநீர் குடித்துவிட்டு வருவேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனால் வாயைத் திறந்தால் செயலாளர் தப்புப் பண்ணிவிட்டான் என்று ஆகிவிடுமே. அந்தக் கேடுகெட்ட கௌரவம் ஒன்று இருந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. மத்தியானம் மூன்று மணி. தாமானின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது: அக்கா தெருவில் பழுப்புத் தண்ணீர், கார்களின் கண்ணாடிவரை. போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டேன். அதற்கடுத்த தடவை மணிகூட அடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கார் ஓட்டினேன். எந்த வழியாக வந்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. தண்ணீர் நாற்காலியின் எந்த இடம்வரை வந்திருக்கும் என்று மனம் அளந்துகொண்டே இருந்தது. முருகா, முருகா என்று சத்தம் போட்டே அதை அடக்கினேன். தாமான் முகப்பில் காரைப் போட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சக்கர நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அக்காவைக் காணோம்.

நான் கத்திய கத்தலுக்குத் தெருவிலிருந்து பதில் வந்தது. "அண்ணே, அவங்கள மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

மண்டபம் தாமானின் மேட்டுப் பகுதியில் இருக்கிறது. பூட்டை உடைத்து உள்ளே போயிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தன. மணவறை போட வேண்டிய மேடையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு நடுங்கினாள். அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்ல உயரம்தான் தம்பி. புகை நிக்காது."

அதற்கு அவள் என்னைத் திட்டியே இருக்கலாம்.

அடுத்த கட்ட வீடுகள் இப்போது எழும்பிக்கொண்டிருக்கின்றன. லோங்காங் வேலை அதற்குப் பிறகுதானாம். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். என் வீட்டுக்கு வா என்றால், அத்தான் வாங்கிய வீடு என்கிறாள். வானம் இருட்டும்போது நான் போன் போட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.

"இன்னும் தண்ணி வரல தம்பி. நீ பயப்படாம வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டு என் கையைப் பார்க்கிறேன். இந்தக் கையால்தான் அவளிடம் பேனாவை நீட்டினேன்.